சட்டத்துக்கு உட்பட்ட வெயில்

பலேர்மோ நகரத்தில் வெயிலுக்கு ஒருநாளும் தட்டுப்பாடு வந்ததில்லை. பங்குனியில் தொடங்கி ஐப்பசி தாண்டியும் அது ஏழை பணக்காரர் பாராமல், விண்ணப்பப் படிவம் கேட்காமல், கையொப்பம் வாங்காமல் எல்லார் தலையிலும் இலவசமாக விழுந்துகொண்டிருக்கும். இலவசமாகக் கிடைக்கிற பொருளுக்கு மரியாதை இல்லை. ஆகவே அந்த நகரத்து மக்கள் வெயிலைப் பெட்டிக்குள் அடைத்து இருபது இருபது நிமிஷமாக விற்கும் கடைகளைத் திறந்தார்கள். பெட்டிக்குள் வெள்ளையாகப் படுத்தால் பழுப்பாக எழும்பலாம். கடை என்று ஒன்று வந்தால் அதற்கொரு சட்டம் வரவேண்டும். சட்டம் வந்தால் அதைக் கண்காணிக்க ஒரு கந்தோர் வரவேண்டும். கந்தோர் வந்தால் அதற்கொரு முத்திரை வரவேண்டும். முத்திரைதான் முதலில் வந்தது.

பொலிதேயாமா நாடக அரங்குக்குப் பின்னால், கீழே சப்பாத்துக் கடையும் மேலே பல் வைத்தியரும் உள்ள ஒரு கட்டடத்தின் மூன்றாம் மாடியில் 'செயற்கை வெயில் கண்காணிப்புப் பிரிவு' இயங்கிவந்தது. இயங்கிவந்தது என்பது கொஞ்சம் கூடின சொல். இருந்தது. அதில் மூன்று மேசைகளும், ஒரு போட்டோக்கொப்பி இயந்திரமும், தலைவர் தொத்தோரே மஞ்சராசீனாவும் இருந்தார்கள். தை மாதம் தொடக்கம் கேசிகாவும் இருந்தாள்.

கேசிகா கோபாலசிங்கத்துக்கு இருபத்துநாலு வயது. தகப்பன் இருபத்தாறு வருஷமாகப் பலேர்மோவின் மாடிவீடுகளில் படிக்கட்டுத் துடைக்கிறவர். தாய் குகனேஸ்வரி சிஞ்ஞோரா லிகோத்தி என்ற கிழவியின் வீட்டில் சமையலும் துப்புரவும். அந்த வம்சத்திலேயே முதன்முதலாகப் பல்கலைக்கழகத்துக்குப் போய், பொதுச்சுகாதாரப் பரிசோதனையில் பட்டம் எடுத்து வந்தவள் கேசிகா. பட்டத்தைக் கண்ணாடி போட்டு வரவேற்பறையில் மாட்டியிருந்தார்கள். வருகிற ஆட்களுக்கு முதலில் அதைக் காட்டிய பிறகுதான் தேத்தண்ணி.

அவளுக்குக் கிடைத்தது ஆறு மாதக் கொன்ராத்தோ, அதாவது தற்காலிக வேலை ஒப்பந்தம். ஆனி முப்பதாம் திகதிக்கு முன்னர் பிரிவு ஒரு முழுமையான பரிசோதனையாவது செய்திருந்தால் வேலை நிரந்தரம். செய்யாவிட்டால் பிரிவே மூடப்படும். நாலு வருஷத்தில் அந்தப் பிரிவு எத்தனை பரிசோதனை செய்திருந்தது என்று சேர்ந்த அன்றே கேசிகா கேட்டாள்.

"துல்லியமாகச் சொன்னால், ஒன்றுமில்லை" என்றார் தொத்தோரே.

அதற்கு நியாயமான காரணம் இருந்தது. பரிசோதனை முன்னறிவித்தல் இன்றித் திடீரென நடைபெற வேண்டும் என்பது சட்டம். அவ்வாறு திடீரென நடைபெறும் என்பதைக் கடைக்காரருக்குப் பத்து நாள் முன்னதாகப் பதிவுத் தபாலில் அறிவிக்க வேண்டும் என்பதும் சட்டம். தபால் கிடைத்ததும் கடைக்காரர்கள் மரியாதையாகக் கடையைப் பூட்டிக்கொண்டு விடுமுறையில் போய்விடுவார்கள்.

குகனேஸ்வரிக்கு மகளின் உத்தியோகம் விளங்கவே ஒரு மாதம் பிடித்தது.

"என்ன வேலையடி உது? சனம் வெள்ளையாய்ப் பிறந்துபோட்டுக் காசு குடுத்துக் கறுக்குதுகளோ?"

"ஓமம்மா. அது பாஷன்."

"அதுகளைக் கறுக்க விடலாமோ எண்டு பாக்கிறதுக்கு உனக்குச் சம்பளமோ?"

"எவ்வளவு கறுக்க விடலாம் எண்டு பாக்கிறதுக்கு."

குகனேஸ்வரி உள்ளிப் பல்லை உரித்தபடி யோசித்தாள். "நாங்கள் எவ்வளவு காலமாய்ச் சும்மா கறுத்துக்கொண்டு திரியிறம். ஒருத்தரும் வந்து பாக்கேல்லை."

அவள் வெயிலை எதிரியாகவே நடத்திவந்தவள். பலேர்மோவில் இருபத்துநாலு வருஷமாகக் குடை பிடிக்காமல் ஒரு பகலும் வெளியில் போனதில்லை. "மழையா, சிஞ்ஞோரா?" என்று பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டுக் கேட்டுக் களைத்துப்போய்விட்டார்கள். கேசிகாவையும் அப்படித்தான் வளர்த்தாள். கனடாவிலிருந்து கேட்டு வந்த ஒரு சம்பந்தத்துக்கு, பிள்ளையின் நிறம் 'பொதுநிறம்' என்று தொலைபேசியில் சொல்லியிருந்தாள். பொதுநிறம் என்பது எங்கள் ஆட்கள் கண்டுபிடித்த நிறம். கறுப்பு என்று சொல்ல மனமில்லாதபோதும் வெள்ளை என்று சொல்லத் துணிவில்லாதபோதும் அதைச் சொல்வார்கள்.

மகளின் கொன்ராத்தோவுக்காக அவள் நேர்த்தியும் வைத்திருந்தாள். பிள்ளையாருக்கு ஒரு சொல்லுச் சொல்லிவைத்தாலும், இத்தாலிக் கடதாசி விஷயத்தில் உள்ளூர்த் தெய்வத்துக்குத்தான் செல்வாக்கு என்பது அவள் அனுபவம். பெர்மெசோ என்ற வதிவிட அனுமதி கிடைத்ததும் அப்படித்தான். ஆகவே வேலை நிரந்தரமானால் பெல்லெக்றினோ மலைக்கு வெறுங்காலுடன் ஏறி வருவதாக அங்கே கோயில்கொண்ட புனிதை சாந்தா றொசாலியாவிடம் சொல்லியிருந்தாள். குடை பிடிக்கமாட்டேன் என்று சொல்லவில்லை.

ஆனி மாதம் பதினோராம் திகதி தொத்தோரே கேசிகாவைக் கூப்பிட்டார். அவருக்குச் சந்தோஷம் வந்தால் பட்டதாரிக்குரிய மரியாதையோடு 'தொத்தொரேஸ்ஸா' என்பார். சந்தோஷம் இல்லாவிட்டால் 'சிஞ்ஞொரீனா.'

"சிஞ்ஞொரீனா, இன்னும் இருபது நாள். றோம் கேட்கும். நாங்கள் ஒன்றுமில்லை என்று பதிலளித்தால் பிரிவு மூடப்படும். என்னை மீன்பிடிப் பதிவகத்துக்கு மாற்றுவார்கள். உங்களை மாற்றமாட்டார்கள்."

"பிறகு என்னை என்ன செய்வார்கள், தொத்தோரே?"

"அதுதான் சொன்னேனே. ஒன்றும் செய்யமாட்டார்கள்."

கேசிகாவுக்குக் கண்ணாடிக்குள் இருக்கிற பட்டமும், தகப்பனின் படிக்கட்டு வாளியும் ஒன்றாக நினைவுக்கு வந்தன.

அவளிடம் ஒரு யோசனை இருந்தது. ஐந்து மாதமாக அந்தக் கந்தோரில் சட்டப் புத்தகத்தை வாசித்தவள் அவள் ஒருத்திதான். பதிவுத் தபால் அனுப்ப வேண்டும் என்று சட்டம் சொல்கிறதே தவிர, சரியான விலாசத்துக்கு என்று சொல்லவில்லை என்றாள். சொல்லிவிட்டு, அது நேர்மையில்லை என்று தானே பயந்து, "வேண்டாம், சரியான விலாசத்துக்கே அனுப்புவோம். இன்றைக்கு அனுப்பினால் தபால் போய்ச்சேர ஒரு மாதம் ஆகும்" என்று திருத்தினாள்.

"தொத்தொரேஸ்ஸா!" என்றார் தொத்தோரே.

அறிவித்தல் அனுப்பிய அன்றே வழங்கப்பட்டதாகக் கருதப்படும் என்று சட்டத்தில் வேறோர் இடத்தில் இருந்தது. பத்து நாள் கழிந்த வெள்ளிக்கிழமைக்குப் பரிசோதனை குறிக்கப்பட்டது. இடம், கபோ சந்தைக்குள் இருக்கும் 'கரைபி' சொலாரியும் என்ற வெயில்பெட்டிக் கடை.

புறப்படுமுன் தொத்தோரே அவளிடம் இரண்டு உபகரணங்களை ஒப்படைத்தார். ஒன்று கதிர்மானி. விளக்கிலிருந்து வரும் புறஊதாக் கதிரை அளக்கும் அந்தக் கருவி வாங்கி நாலு வருஷமாகியும் பெட்டி உடைக்கப்படாமல் இருந்தது. மற்றது தோல்நிற அட்டவணை. மனிதத் தோலை ஆறு வகையாகப் பிரித்து, மிக வெளிறிய முதலாம் வகைக்காரரைப் பெட்டிக்குள் விடக்கூடாது என்பதற்காகச் செய்த வர்ண அட்டவணை. ஆனால் பிரிவின் போட்டோக்கொப்பி இயந்திரத்துக்குக் கறுப்பு மை மட்டுந்தான் அனுமதிக்கப்பட்டிருந்தது. வர்ண மைக்கான கோரிக்கை மூன்று வருஷமாகப் பரிசீலனையில் இருந்தது. ஆகவே ஆறு வகைத் தோலும் ஆறு சாம்பல் கட்டங்களாக இருந்தன. அவற்றிலும் நாலும் ஐந்தும் ஒன்றுபோலத் தெரிந்தன.

தொத்தோரே அட்டவணையைத் தன் கன்னத்தில் பிடித்துப் பார்த்தார். அவருடைய முகம் தையிலும் மாசியிலும்கூடத் தோடம்பழ நிறமாக இருக்கும். மொண்டெல்லோக் கடற்காற்று என்பார்.

"நான் இரண்டு" என்றார். பிறகு கேசிகாவைப் பார்த்து, மரியாதைக்காகக் கொஞ்சம் தாமதித்து, "நீங்கள் ஐந்து" என்றார்.

"நாலும் அப்படித்தானே இருக்கிறது, தொத்தோரே?"

"ஐந்து" என்றார் அவர் உறுதியாக. கந்தோர் பதிவேட்டில் அப்படியே எழுதப்பட்டது.

வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கேசிகா கபோ சந்தைக்குள் நுழைந்தாள். வாள்மீன் கடைக்கும் ஒலிவ் வியாபாரிக்கும் நடுவில் ஒரு ஒடுங்கிய கதவு. கதவின் மேல் ஒரு தென்னைமரமும் 'கரைபி' என்ற எழுத்தும். உள்ளே கொழும்புப் பெட்டிக்கடை அளவில் ஒரு வரவேற்பிடம். மேசைக்குப் பின்னால் உரிமையாளர் சிஞ்ஞோரா கொன்செத்தா, அறுபது வயது, கழுத்தில் நாலு சங்கிலி, வாயில் நிற்காத பேச்சு.

கேசிகாவின் கையிலிருந்த பையையும், வாசலில் தயங்கி நின்ற விதத்தையும், முகத்தையும் பார்த்த கணமே கொன்செத்தாவுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"வந்திட்டியா மகளே! எங்கட கிளறாவின்ரை சொந்தக்காரிதானே? அவள் ஊருக்குப் போய் மூண்டு கிழமை, இஞ்சை எல்லாம் தூசி. மொப் அந்த மூலையில, வாளி கீழ, முதல் அறையில இருந்து தொடங்கு. நீங்கள் எல்லாரும் நல்ல ஆக்கள், கை சுத்தம். என்ரை மருமகள் இருக்கிறாள், ஒரு தும்புத்தடி பிடிக்கத் தெரியாது, அவளுக்கு முழங்கால் நோ, முழங்கால் நோ எண்டு..."

கேசிகா வாயைத் திறந்தாள். பரிசோதகர் தமது அடையாள அட்டையை எதிர்த்தரப்பினர் பேசி முடித்த பின்னர் காட்ட வேண்டும் என்பது ஒழுங்குவிதி. பெரியவர்கள் பேசி முடியும்வரை குறுக்கே கதைக்கக்கூடாது என்பது குகனேஸ்வரியின் வளர்ப்பு. அரசாங்கமும் தாயும் ஒரே கருத்தில் இருந்தால் பிள்ளை என்ன செய்யும்? கொன்செத்தா பேசி முடிப்பாள் என்று காத்திருந்தாள். கபோ சந்தையில் பிறந்த எந்தப் பெண்ணும் பேசி முடித்ததாக வரலாறு இல்லை. கேசிகா மொப்பை எடுத்தாள்.

முதல் அறை துடைத்தாள். இரண்டாம் அறை துடைத்தாள். மூன்றாம் அறையிலிருந்து ஒரு சிஞ்ஞோரா அப்போதுதான் இருபது நிமிஷம் படுத்து எழும்பி, "ஐயோ, என்ன வெக்கை, என்ன வெக்கை" என்று விசிறியபடி வெளியில் வந்தாள். கேசிகா உள்ளே போனாள். துடைக்கிறதென்றால் பல்ப்பையும் சேர்த்துத் துடைக்க வேண்டும் என்று அம்மா சொல்லிக்கொடுத்தது. ஈரத்துணியைப் பிழிந்து பெட்டியின் நீல விளக்குக்குழாயில் கைவைத்தாள்.

குழாய் குளிர்ந்திருந்தது. இருபது நிமிஷம் எரிந்த குழாய், சந்தைப் பூசணிக்காய் மாதிரிக் குளிர்ந்திருந்தது.

அவள் மொப்பைச் சுவரில் சாய்த்து வைத்தாள். வரவேற்பிடத்துக்கு வந்து, கொன்செத்தா தும்முவதற்காக நிறுத்திய இடைவெளியில் அடையாள அட்டையை நீட்டினாள்.

கொன்செத்தா அட்டையைப் பார்த்தாள். அவளைப் பார்த்தாள். திரும்பவும் அட்டையைப் பார்த்தாள்.

"நீ இன்ஸ்பெக்டரோ?"

"ஓம், சிஞ்ஞோரா."

"பிறகேன் துடைச்சனீ?"

"நீங்கள் சொன்னீங்கள்."

கொன்செத்தா எழும்பிப் போய் முதல் அறைத் தரையை எட்டிப் பார்த்தாள்.

"நல்லாத் துடைச்சிருக்கிறாய்" என்றாள் கொன்செத்தா.

பரிசோதனை முறைப்படி ஆரம்பமாயிற்று. எச்சரிக்கைப் பலகை இருந்தது. கண்ணுக்குப் போடும் கறுப்புக் கண்ணாடி இருந்தது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர், கர்ப்பிணி, தோல்நோய்க்காரர் ஆகியோருக்கு அனுமதியில்லை என்று சுவரில் எழுதியிருந்தது. எஞ்சியிருந்தது விளக்கின் பலம். தசம் மூன்றுக்கு மேல் போகக்கூடாது. கதிர்மானியைப் படுத்திருக்கிற ஓர் ஆளின் நெஞ்சில் வைத்து முழு இருபது நிமிஷமும் அளக்க வேண்டும்.

"நீங்கள் படுக்கிறீங்களோ, சிஞ்ஞோரா?"

"நானோ? எனக்கு உதில நம்பிக்கையில்லை" என்றாள் கொன்செத்தா.

ஆகவே கேசிகாவே படுத்தாள். பெட்டியின் மூடி மெல்ல இறங்கியது. 'உயிரோடை ஆராவது பெட்டிக்குள்ளை போய்ப் படுப்பினமோ' என்று அம்மா கேட்டது ஞாபகம் வந்தது. கறுத்துப்போனால் கனடாவுக்கு என்ன சொல்வது என்ற பயம் ஒருபுறம். கறுக்காவிட்டால் பரிசோதனையில் என்ன எழுதுவது என்ற பயம் மறுபுறம். அவள் பயப்படாத நாள் கிடையாது. ஒரே நேரத்தில் இரண்டு எதிரெதிர்த் திசையில் பயப்பட்டது அதுதான் முதல் தடவை.

இருபது நிமிஷம் முடிய கருவியைப் பார்த்தாள். பூச்சியம் தசம் பூச்சியம் பூச்சியம்.

கருவி பழுதோ என்று சந்தைக்குள் ஓடிவந்து வெயிலில் தூக்கிப் பிடித்தாள். கருவி உடனே கத்தத் தொடங்கியது. தசம் இரண்டு நாலு.

"என்ன பிள்ளை நிறுக்கிறாய்?" என்று வாள்மீன்காரன் கேட்டான்.

"வெயில்."

"எத்தினை கிலோ?"

"இன்னும் கொஞ்சம் கூடினால் சட்டமீறல்."

அவன் தொப்பியைச் சரிசெய்துகொண்டு கொஞ்சம் நிழலுக்குள் தள்ளி நின்றான்.

திரும்பி வந்தபோது கொன்செத்தா கதிரையில் இருந்து கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். விளக்குகள் செத்து எட்டு வருஷம். புதிது எடுக்க வழியில்லை. மீன்தொட்டிக் கடையில் நீல விளக்கு வாங்கிப் பூட்டினாள். இரண்டு நாளில் ஆட்கள் வந்து சண்டை பிடிப்பார்கள் என்று காத்திருந்தாள். வந்தார்கள். முன்பைவிட இப்போது நல்லாப் பிடிக்குது என்று நன்றி சொன்னார்கள்.

"அதெப்படி, சிஞ்ஞோரா? அவை உண்மையா கறுத்துத்தானே வருகினம்?"

"நான் ஒரு சொல்லுச் சொல்லி அனுப்புறனான். பெட்டியில பிடிச்ச நிறம் இறுகவேணும், ரெண்டு நாள் ஸ்ஃபெர்ராகவால்லோக் கடற்கரையில கல்லுக்கு மேல வெயில்ல கிடவுங்கோ எண்டு."

"அப்ப அது வெயில்ல வந்த நிறம்."

"வெயில்ல வந்தால் அது மீன்பிடிகாரன்ரை நிறம், மகளே. பெட்டியில வந்தால்தான் நாகரிகம்." பிறகு குரலைத் தாழ்த்தினாள். "உன்ரை தலைவரும் வியாழக்கிழமையில வாறவர். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, பேர் றொஸ்ஸி எண்டு சொல்லுவார். பாவம், அவரைக் காட்டிக்குடாதை."

அன்று பின்னேரம் வீட்டுக்குப் போனதும் கேசிகா நேர்மையாக உண்மையைச் சொன்னாள். பெட்டிக்குள் படுத்தேன் என்ற முதல் வசனத்தோடேயே குகனேஸ்வரி தலையில் கைவைத்தாள். மிச்சம் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. திரைச்சீலைகள் இழுத்து மூடப்பட்டன. சனி, ஞாயிறு இரண்டு நாளும் பிள்ளையை யன்னல் பக்கமும் விடவில்லை. தயிரும் கடலைமாவும் பூசி, வெள்ளரிக்காய் ஒட்டி, இருட்டு அறையில் இருத்திவைத்தாள்.

திங்கள் காலை முகம் கழுவிவந்த மகளை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

"என்னடி இது! வெளுத்திருக்கிறாய்!"

"இல்லையம்மா, அது..."

"நாகபூசணியக்கா! இஞ்சை ஒருக்கா ஓடி வாங்கோ!"

மேல்வீட்டு நாகபூசணி, பலேர்மோத் தமிழ்ச் சனத்தில் யாருடைய நிறம் எந்த வருஷம் எப்படி இருந்தது என்பதை மனப்பாடமாக வைத்திருப்பவள். படியிறங்கி வந்து, கேசிகாவின் நாடியைப் பிடித்துத் திருப்பி, "ஓமடி குகா. ரெண்டு சுற்று வெளுப்பு ஏறியிருக்கு. உவள் எங்கை போனவள்?" என்றாள்.

அதே திங்கட்கிழமை, பொலிதேயாமாக் கந்தோரில் தொத்தோரே அறிக்கையைக் கையில் எடுத்தார்.

"பூச்சியமா?"

"பூச்சியந்தான், தொத்தோரே."

"எவ்வளவு காலமாக?"

"எட்டு வருஷமாக."

தொத்தோரே தம்மை அறியாமல் கன்னத்தைத் தடவினார். "சாத்தியமில்லை" என்றார். பிறகு யன்னலுக்கு வெளியே பார்த்தார். "அதாவது, விஞ்ஞான ரீதியாக."

"சட்டம் மீறப்பட்டிருக்கிறதா, தொத்தோரே?"

அவர் சட்டப் புத்தகத்தை முதன்முதலாகத் திறந்தார். உச்ச அளவு தசம் மூன்று. குறைந்தபட்ச அளவு என்று ஒன்றும் எழுதப்பட்டிருக்கவில்லை. பூச்சியமோ தசம் மூன்றைவிடக் குறைவு.

"மீறப்படவில்லை. கடைப்பிடிக்கப்பட்டிருக்கிறது. மிதமிஞ்சிக் கடைப்பிடிக்கப்பட்டிருக்கிறது" என்றார். "சிசிலியில் சட்டத்தை முழுமையாகப் பின்பற்றும் ஒரே நிறுவனத்தை நாங்கள் கண்டுபிடித்திருக்கிறோம்."

"ஆனால் சனத்தை ஏமாற்றுகிறார்களே!"

"ஏமாற்று நுகர்வோர் பிரிவுக்குரியது. ஆறாம் மாடி."

"அங்கே கொடுக்கட்டுமா?"

"லிஃப்ற் நாலாம் மாடியோடு நின்றுவிடும்."

"வெயிலை அளந்தபோது தசம் இரண்டு நாலு வந்தது. அதையும் எழுதவா?"

தொத்தோரேயின் முகம் இருண்டது. "சூரியனிடம் எச்சரிக்கைப் பலகை இருக்கிறதா? பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களை அது விலக்குகிறதா? கண்ணாடி கொடுக்கிறதா? ஆறு நிபந்தனையில் ஐந்தை மீறுகிறது, சிஞ்ஞொரீனா. எழுதினால் உரிமையாளருக்கு அறிவித்தல் அனுப்ப வேண்டிவரும். விலாசம் தெரியுமா?"

கேசிகா அதை எழுதவில்லை. ஆனால் உண்மையை மறைத்துக் கையொப்பம் வைக்க அவள் கை வரவில்லை. படிவத்தின் அடியில் 'அவதானிப்புகள்' என்று ஒரு வரி வெற்றிடம் இருந்தது. சின்ன எழுத்தில், 'இங்கு வரும் வாடிக்கையாளரின் தோலில் கருவியினால் எந்த மாற்றமும் ஏற்படுவதில்லை' என்று எழுதி, அதன் கீழே முழுப் பெயரையும் வைத்தாள். வேலை போனாலும் பரவாயில்லை, பொய் எழுதவில்லை என்று தனக்குள்ளே சொல்லிக்கொண்டாள். அன்றிரவு அவளுக்கு நித்திரை வரவில்லை. வேலை போனால் பரவாயில்லை என்று அவள் மனம் நம்பவில்லை.

ஆனி இருபத்தொன்பதாம் திகதி றோமிலிருந்து பதில் வந்தது. மூன்று முத்திரை. அறிக்கையை அமைச்சு மிகுந்த கவனத்துடன் வாசித்ததாகவும், குறிப்பாக அவதானிப்புகள் என்ற வரி தம்மை நெகிழவைத்ததாகவும் எழுதியிருந்தார்கள். தோலில் எந்த மாற்றமும் ஏற்படுத்தாத சொலாரியும் ஐரோப்பாவிலேயே இதுதான் முதலாவது. 'கரைபி' முன்மாதிரி நிறுவனமாக அறிவிக்கப்படும். ஏனைய நிறுவனங்கள் யாவும் படிப்படியாகப் பூச்சியத்தை எட்ட வேண்டும். எட்டிய பூச்சியம் பூச்சியமாகவே நிலைக்கிறதா என்று வாராவாரம் கண்காணிக்கப் பிரிவுக்கு மேலும் ஏழு மேசைகள் வழங்கப்படும். கேசிகா கோபாலசிங்கம் 'பூச்சியப் பொறுப்பதிகாரி'யாக நிரந்தரமாக்கப்படுகிறார். வர்ண மைக்கான கோரிக்கை தொடர்ந்து பரிசீலனையில் உள்ளது.

"தொத்தொரேஸ்ஸா" என்று தொத்தோரே எழுந்து நின்று கைகொடுத்தார். அவர் முகம் அன்று வழக்கத்தைவிடத் தோடம்பழமாக இருந்தது. முதல்நாள் வியாழக்கிழமை.

ஆடி மாதம் மூன்றாம் ஞாயிறு குகனேஸ்வரி நேர்த்தியை நிறைவேற்றினாள். வெறுங்காலோடு, குடையோடு, நாகபூசணியையும் இன்னும் ஏழெட்டுப் பெண்களையும் சேர்த்துக்கொண்டு பெல்லெக்றினோ மலை ஏறினாள். மலையில் குடை காற்றுக்குத் திரும்பி எல்லாரும் நன்றாகக் கறுத்துப்போனார்கள். நிறத்தைத் திரும்ப எடுக்கிற வழி குகனேஸ்வரிக்குத் தெரிந்திருந்தது.

செவ்வாய்க்கிழமை வாராந்தப் பரிசோதனைக்குக் கரைபிக்குப் போன கேசிகா வாசலிலேயே நின்றுவிட்டாள்.

உள்ளே ஆட்கள் இருப்பதற்கு இரண்டு வாங்கு போடப்பட்டிருந்தது. இடப்பக்க வாங்கில் விசிறியோடு சிசிலிப் பெண்கள், கறுப்பதற்கு. வலப்பக்க வாங்கில் குடையோடு எங்கள் பெண்கள், வெளுப்பதற்கு. இடப்பக்கத்தின் நுனியில் சிஞ்ஞோரா லிகோத்தி இருந்தாள். வலப்பக்கத்தின் நுனியில் அவளுடைய வீட்டு வேலைக்காரி குகனேஸ்வரி.

"குகா! நீயா? கடவுள் சும்மா தந்த நிறத்தை ஏன் கழுவப் பார்க்கிறாய்?"

"நீங்கள் மட்டும், சிஞ்ஞோரா? பால் மாதிரி இருக்கிற தோலை ஏன் கருக்கப் பாக்கிறீங்கள்?"

இருவரும் ஒருவரையொருவர் பரிதாபத்தோடு பார்த்தார்கள். மற்றவளுக்குத்தான் விசர் என்பதில் இருவருக்கும் சந்தேகம் இல்லை.

கொன்செத்தா நடுவில் நின்று புத்திமதி சொல்லிக்கொண்டிருந்தாள். இடப்பக்கத்துக்கு: "நிறம் இறுக ரெண்டு நாள் ஸ்ஃபெர்ராகவால்லோ, நல்ல வெயில்." வலப்பக்கத்துக்கு: "நிறம் இறுக ரெண்டு நாள் வீட்டுக்குள்ள, திரை மூடி." இரண்டு பக்கத்திலிருந்தும் இதுவரை ஒரு முறைப்பாடும் வரவில்லை.

கேசிகாவுக்குப் பொறுக்கவில்லை. தாயைக் கதவுக்குப் பக்கத்தில் இழுத்தாள்.

"அம்மா, சத்தியமா சொல்லுறன். அந்தப் பெட்டிக்குள்ளை ஒண்டுமில்லை. மீன்தொட்டி லைற்."

"ஒண்டுமில்லாததுக்கு அரசாங்கம் சேர்டிபிக்கற் குடுக்குமோ?" குகனேஸ்வரி சுவரைக் காட்டினாள். பித்தளைச் சட்டத்துக்குள், மூன்று முத்திரையோடு, முன்மாதிரிச் சான்றிதழ். "அதில கீழை ஆற்றை கையெழுத்து?"

கேசிகா பார்த்தாள். அறிக்கையிலிருந்து பிரதியெடுத்த அவளுடைய கையெழுத்துத்தான். முழுப் பெயர்.

"படிச்ச பிள்ளை, பொய்க்குச் சைன் வைப்பியோ?" என்றாள் தாய்.

"இல்லையம்மா" என்றாள் கேசிகா. அதுவும் உண்மைதான்.

அவள் மூன்றாம் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். ஒழுங்குவிதிப்படி கருவியை நெஞ்சில் வைத்து, இருபது நிமிஷம் படுத்தாள். இந்த மாதத்தில் இது மூன்றாவது தடவை. எழும்பிக் கருவியைப் பார்த்தாள். பூச்சியம் தசம் பூச்சியம் பூச்சியம். எழுதினாள்.

அடுத்த கட்டம் 'பரிசோதகரின் தோல்வகை.' கண்ணாடிக்கு முன்னால் நின்று, சாம்பல் நிற அட்டவணையைக் கன்னத்தோடு பிடித்தாள். ஐந்தைப் பார்த்தாள். நாலைப் பார்த்தாள். கொஞ்சம் வெளிச்சத்துக்குத் திரும்பி, திரும்பவும் நாலைப் பார்த்தாள். வெளியே நாகபூசணி சொல்வது கேட்டது: "குகா, உன்ரை மகளைப் பார். கந்தோர் வேலையிலேயே எவ்வளவு நிறமாயிட்டாள்."

கேசிகா கவனமான பிள்ளை. நிச்சயமில்லாத எதையும் எழுதமாட்டாள். பேனாவை மூடி, திறந்து, ஐந்தை வெட்டி நாலு என்று எழுதினாள். பிறகு மனச்சாட்சி குத்தியதால் அடைப்புக்குறிக்குள் இப்படிச் சேர்த்தாள்: 'இன்னும் உறுதிப்படுத்தப்படவில்லை. மறுபரிசோதனைக்கு நாளையும் படுக்க வேண்டும்.'